கஞ்சாக் கட்சி உத்திராபதி

என் அப்பா உத்திராபதி ஆயுளில் ஒரு பீடிகூடப் பற்றவைத்தவர் இல்லை. வெற்றிலை போட்டால் சுண்ணாம்பு நாக்கைப் பொத்துவிடும் என்று அதையும் தொடமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷருக்குச் சிதம்பரத்தில் 'கஞ்சாக் கட்சி' என்று பட்டப்பெயர் வந்தது. அறுபத்து மூன்றாம் வருஷம். அந்தப் பெயரால் எனக்குப் பேசி முடித்த கல்யாணம் நின்றது. இப்போது இதைச் சொன்னால் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா கண்டக்டர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் வேலை. முன்பக்கம் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பழைய வண்டி. மேலே கூரையில் மீன் கூடை, வாழைத்தார், சில நாள் ஆடுகூட ஏறும். எங்கள் வீடு செம்மண்டலத்தில். விடிவதற்குள் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தோல்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருக்குச் சொத்து என்று இருந்தது அந்த வாய் ஒன்றுதான். மீசை அரும்பிய பையனுக்கு அரை டிக்கெட் கேட்கும் அம்மாளிடம் சண்டை போடமாட்டார். பையனுக்குப் பெண் பார்த்தாயிற்றா என்று அக்கறையாக விசாரிப்பார். பஸ்ஸே சிரிக்கும், அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே முழு டிக்கெட் வாங்கிக்கொள்வாள். அப்பாவின் வண்டியில் போக வேண்டும் என்று முந்தைய பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு.

அந்த வாய்க்குத் தீனி போட்டது சொற்களம். சிதம்பரம் மேல வீதியில் காசிம் மரைக்காயர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், பினாங்கில் பல வருஷம் இருந்து திரும்பியவர். தமிழ் என்றால் உயிர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தன் கடை மாடியை ஒழித்துப் பாய் விரித்துப் பட்டிமன்றம் நடத்துவார், அதற்குத்தான் சொற்களம் என்று பெயர். பேசுகிறவர்கள் எல்லாம் ஊரில் வேலைவெட்டி உள்ள ஆட்கள். ஒரு தையற்காரர், ஒரு தபால்காரர், மணவாளன் வாத்தியார், என் அப்பா. நானும் அம்மாவும் கடைசி வரிசையில் ஜவுளி மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்காருவோம். புதுத் துணி வாசனையும், கீழே சோடா உடைக்கிற சத்தமும், காற்று திரும்பினால் கேட்கிற கோயில் மணியும் எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. முடிந்ததும் கீழே ஓட்டலில் இட்லியும் கொத்சும். சாப்பிடும்போதும் விவாதம் ஓயாது. சாம்பார் வாளியோடு நிற்கிற ஆளும் ஒரு கட்சி எடுத்துக்கொள்வார். அந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

சொற்களத்துக்கு இரண்டு விதிகள். எந்தக் கட்சி பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். எடுத்த கட்சியை அடுத்த கூட்டம் வரை வெளியிலும் விடக்கூடாது. முன்பு ஒருத்தர் வரதட்சணை வேண்டும் என்று பிளந்துகட்டிப் பேசிவிட்டு, மாடிப்படி இறங்கும்போதே, அதெல்லாம் சும்மா என்று சொல்லிவிட்டாராம். கேட்டுக் கைதட்டினவர்களுக்கு முகம் விழுந்துவிட்டது. ஒருத்தர் பேச்சை நம்பி மற்றவர் மனசை மாற்றிக்கொண்டிருப்பார், அவரை முட்டாளாக்கக்கூடாது என்று மரைக்காயர் இந்த விதியைப் போட்டார். அப்பா ஒருமுறை தேநீர் உடம்புக்குக் கெடுதல் என்று பேசிவிட்டு ஒரு மாதம் முழுக்க டீக்கடை வாசலில் வெந்நீர் வாங்கிக் குடித்தார். டிரைவர் வேண்டுமென்றே பக்கத்தில் நின்று சத்தம் வர டீயை உறிஞ்சுவாராம். அப்பா அசையவில்லை.

அந்த வருஷம் ஆனித் திருமஞ்சனத்துக்குக் கொஞ்சம் முன்னால், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பரதேசியைக் கஞ்சாவோடு பிடித்தார்கள். ஊரில் அதுவே பேச்சு. அதற்கு ஒரு பத்து வருஷம் முன்பு வரை கஞ்சாவுக்கு லைசென்ஸ் கடை இருந்தது என்பது இப்போது பலருக்குத் தெரியாது. அரசாங்கமே ஏலம் விட்டு, வரி வாங்கிக்கொண்டு, நிறுத்து விற்க விட்டிருந்தது. பிறகு மூடிவிட்டார்கள். மூடினது நல்லதுக்கு என்று பாதிப் பேரும், மூடியதால் என்ன குறைந்தது என்று பாதிப் பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மரைக்காயர் அதையே தலைப்பாக வைத்தார். கஞ்சாக் கடையை மூடியது சரியா, தப்பா?

சீட்டுக் குலுக்கினார்கள். மணவாளன் வாத்தியாருக்கு 'சரி' வந்தது. அப்பாவுக்குத் 'தப்பு'. அப்பா சீட்டைப் பிரித்துப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. வேறு தலைப்பு வைக்கலாமே என்று மரைக்காயரிடம் கேட்டார். அவர் அப்படிக் கேட்டதை நான் அதுவரை பார்த்ததில்லை. மரைக்காயர் விதி விதிதான் என்று சிரித்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு அப்போது சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். கீழ வீதியில் மளிகை மண்டி வைத்திருந்த தில்லைநாதனின் மகன், மின்சார ஆபீஸில் வேலை. பெண் பார்க்க வந்தபோது ஒரே ஒரு முறை பார்த்தேன். பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்கலாமா வேண்டாமா என்று முழித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனி முடிவதற்குள் நிச்சயதார்த்தம், ஆடி கழிந்ததும் ஆவணியில் முகூர்த்தம் என்று பேச்சு. தில்லைநாதன் அன்றைக்குத் தன் அண்ணன்மாரை வேறு அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சம்பந்தி பேசுவதைக் கேட்டுப் பெருமைப்பட வந்தவர்.

வாத்தியார் நன்றாகப் பேசினார். பொய் எதுவும் சொல்லவில்லை. தன் தெருவில் ஒரு குடும்பம் நாசமானதைச் சொன்னார். சட்டி பானையை விற்றுப் புகைத்தவனைச் சொன்னார். குளத்துப் படியில் வேலைக்குப் போகாமல் விழுந்து கிடக்கிற வாலிபர்களைச் சொன்னார். கடை கண்ணெதிரே திறந்திருந்தால் போகாதவனும் போவான் என்றார். பெண்கள் பக்கம் கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன்.

அப்பா எழுந்தார். முதலில் வழக்கம்போல பஸ்ஸைத்தான் இழுத்தார். பாண்டிச்சேரியில் கண்ணாடி அலமாரிக்குள் மரியாதையாக இருக்கிற பிராந்தி பாட்டில், எல்லையைத் தாண்டி மதுவிலக்கு உள்ள கடலூருக்குள் வந்ததும் குற்றவாளி ஆகிவிடுகிறது. பாட்டிலும் அதேதான், ஆளும் அதேதான், பஸ்கூட அதேதான் என்றார். சிரிப்பு அடங்குவதற்குள் குரலை இறக்கினார். கஞ்சா நல்லது என்று நான் சொல்ல வரவில்லை, கெட்டதுதான். ஆனால் கெட்டதை மூடி வைத்தால் அது எங்கே போகிறது என்று கேட்டார். கடைக்கு முன்னால் விற்றது கடைக்குப் பின்னால் விற்கிறது, விலைதான் ஏறிவிட்டது, வரி வாங்கிய இடத்தில் மாமூல் வாங்குகிறார்கள் என்றார். பிறகு ஒரு மனுஷனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

கடலூர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஆள். நாளெல்லாம் படகிலிருந்து மூட்டை இறக்கி இடுப்பு ஒடிந்து போனவன். சாயங்காலம் லைசென்ஸ் கடையில் ஒரு சிட்டிகை வாங்கிப் புகைப்பான், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குவான். ஒருத்தருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. கடையை மூடினார்கள். இடுப்பு வலியை யாரும் மூடவில்லை. அவன் சந்துக்குள் போய் வாங்கினான். பிடித்தார்கள், அடித்தார்கள். வீட்டாரை வரச்சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. வீட்டார் வந்து அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, இவன் யாரோ எங்களுக்குத் தெரியாது என்றார்கள். ஜெயிலுக்குப் போனான், திரும்பி வரும்போது போக வீடு இல்லை.

"அவன் குடும்பத்தக் கஞ்சா கெடுக்கலீங்க," என்றார் அப்பா. "பயம் கெடுத்துச்சி. அந்தப் பயத்த உண்டாக்கினது எதுன்னு நீங்களே யோசிச்சிப் பாருங்க."

கைதட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மரைக்காயர் எழுந்து, கடையைத் திறக்கச் சொல்லித் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் இன்று வென்றது உத்திராபதிதான் என்றார். இப்போதெல்லாம் எந்தெந்த நாட்டிலோ கஞ்சாவைச் சட்டப்படி விற்கலாமா என்று விவாதம் நடப்பதைப் பேப்பரில் படிக்கிறேன். வாத்தியார் பேசியதும் சரியாகப் படுகிறது, அப்பா பேசியதும் சரியாகப் படுகிறது. இத்தனை வருஷத்தில் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை.

மறுநாளே பட்டப்பெயர் கிளம்பிவிட்டது. மண்டிக்குச் சரக்கு வாங்க வருகிறவன் எல்லாம் தில்லைநாதனிடம், உங்கள் சம்பந்தி கஞ்சாக் கட்சியாமே என்று கேட்டிருக்கிறான். அண்ணன்மார் வேறு, இவ்வளவு விவரம் தெரிந்த ஆள் புகைக்காமலா இருப்பான் என்று ஏற்றிவிட்டார்கள். தில்லைநாதன் கெட்டவர் இல்லை. தானே அப்பாவின் பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, மேடைக்காகப் பேசினேன் என்று அண்ணன்மார் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் போதும் என்று கேட்டார். அப்பா அடுத்த கூட்டம் முடியட்டும் என்றார். சொற்களத்து விதி, என்ன செய்வது என்று கையை விரித்தார். அடுத்த கூட்டத்துக்கு முன்னாலேயே நிச்சயதார்த்த நாள் வருகிறது என்பது அவருக்குத் தெரியாதா?

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வெந்நீர் குடித்த கதையெல்லாம் கேட்கச் சுவையாக இருந்தது, இப்போது என் தலையிலா விடிய வேண்டும்? அவர் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டை நங்கென்று வைத்தேன். உங்களுக்கு மேடை பெரிதா, பெற்ற மகள் பெரிதா என்று கேட்டேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா என்னை அடக்கப் பார்த்தாள். நான் அடங்கவில்லை.

விதியைப் போட்டவரே விதியை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று எனக்கு ஒரு யோசனை. அம்மாவுக்கு அரை மனசுதான். இழுத்துக்கொண்டு பரங்கிப்பேட்டைக்குப் போனேன். மரைக்காயர் கேட்டுவிட்டு முதலில் வாய்விட்டுச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பிள்ளையின் கல்யாணத்தைவிட என் விதி ஒன்றும் பெரிதில்லை, நானே வந்து எடுத்துவிடுகிறேன் என்றார். அன்றைக்கு வீடு திரும்பும்போது நான் பஸ்ஸில் பாடிக்கொண்டு வராத குறை.

தில்லைநாதனும் அண்ணன்மாரும் செம்மண்டலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மரைக்காயரும் வந்தார். பாயில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். நான் அறைக்கதவுக்குப் பின்னால் நின்றேன். மரைக்காயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சொற்களத்தின் சார்பில் உத்திராபதியை விதியிலிருந்து விடுவிக்கிறேன் என்று கோர்ட்டு மாதிரி அறிவித்தார். எல்லாரும் சிரித்தார்கள். தில்லைநாதன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அந்த மூட்டை தூக்குகிற ஆள் கதையெல்லாம் நீங்களாகக் கட்டியது என்று மட்டும் சொல்லிவிடுங்கள், இப்போதே வெற்றிலைப்பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

கதவிடுக்கில் எனக்கு அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது.

"மத்ததெல்லாம் சீட்டுல வந்ததுங்க. வேணும்னா இப்பவே மாத்திப் பேசறேன். கடைய மூடினது சரின்னு வாத்தியாரவிட நல்லாவே பேசிக் காட்டறேன்," என்றார். "அந்த ஆளு மட்டும் கட்டுக்கதை இல்ல. அவன் என் கூடப்பொறந்த தம்பி, கலியமூர்த்தி. வேல போயிடும்னு பயந்து, இதே காக்கிச் சட்டையோட ஸ்டேஷன்ல நின்னு, இவன் யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு சொன்னவன் நாந்தான். இன்னொரு தடவ அவன் இல்லன்னு என்னால சொல்ல முடியாது."

அம்மா சமையலறையில் விசும்பினாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தில்லைநாதன் காப்பியைக் கடைசி வரை குடித்தார். வீட்டில் கலந்துகொண்டு சொல்லியனுப்புகிறேன் என்று மரியாதையாக விடைபெற்றார். சொல்லியனுப்பவில்லை. மின்சார ஆபீஸ்காரருக்கு அந்த ஆவணியிலேயே சீர்காழிப் பக்கம் வேறு பெண் அமைந்தது. எனக்கு இரண்டு வருஷம் கழித்து விருத்தாசலத்தில் அமைந்தது. அது நன்றாகவே அமைந்தது, குறையொன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் காப்பித் தம்ளர்களை எடுத்துக் கழுவும்போது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மரைக்காயர் மட்டும் போகாமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். விதியைத் தான் எடுத்திருக்கக்கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

அழுது முடித்த பிறகுதான் எனக்கு வேறு கோபம் வந்தது. சித்தப்பா என்று ஒருத்தர் இருந்தது எனக்கு நினைவு இருக்கிறது. துறைமுகத்திலிருந்து வரும்போது பொரி உருண்டை வாங்கி வருவார். தோளில் தூக்கி வைத்துக்கொண்டால் மூட்டை வாசனை அடிக்கும். அவர் மலேயாவுக்குப் போய்விட்டார், அங்கே போய் நம்மை மறந்துவிட்டார் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். மறந்துவிட்டார் என்று நானும் அவரைத் திட்டியிருக்கிறேன். என்னிடம் இப்படி ஒரு பொய்யைச் சொல்ல இவர்களுக்கு எப்படி மனசு வந்தது? கல்யாணம் நின்ற துக்கத்தைவிட இது எனக்குப் பெரிதாக இருந்தது. நேராகப் போய், சித்தப்பா உயிரோடு இருக்கிறாரா என்று அப்பாவிடம் கேட்டேன்.

இருக்கிறார் என்றார். புதுச்சத்திரம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பில் காவல் வேலை. ரோட்டோரத் தோப்பு. பஸ் போகும்போதெல்லாம் அப்பா பார்க்கிறார். சித்தப்பா ஒருமுறைகூட அந்தப் பஸ்ஸில் ஏறியதில்லை, தலையை நிமிர்த்திப் பார்த்ததும் இல்லை. இறங்கிப் போய்ப் பேசியிருக்கலாமே என்று கேட்டேன். எந்த முகத்தோடு என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

"இந்த முகத்தோடதான், வேற மொகமா இருக்குது?" என்றேன். பெற்ற அப்பாவிடம் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் கிளம்பினார்.

வேலையில்லாத நாளில் அப்பா வேட்டி சட்டையோடு வந்தார், நானும் அவரும் அவருடைய பஸ்ஸிலேயே ஏறினோம். அம்மா தூக்கில் சோறு கட்டிக்கொடுத்தாள். ஆலப்பாக்கம் தாண்டியதிலிருந்து அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தோப்புக்கு எதிரே பஸ் நிற்கிற இடம் இல்லை. நாங்கள் கேட்காமலே டிரைவர் நிறுத்தினார். வருஷக்கணக்காக அப்பா அந்த இடத்தில் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே காலை வைத்தால் உதிர்ந்த சவுக்கு ஊசியிலை மெத்தென்று அமுங்கியது. கடல் காற்றில் மரங்கள் இரைந்துகொண்டிருந்தன. வெட்டிய மிலாறுக் கிளைகளைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஒருத்தர் எங்களைப் பார்த்து நிமிர்ந்தார். முழுதாக நிமிர முடியவில்லை, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். அப்பாவைவிடச் சின்னவர். பார்க்க அண்ணன் மாதிரி இருந்தார்.

அப்பா அவர் முன்னால் போய் நின்றார். கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். சித்தப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலர்க்கொடியா?"

நான் தலையாட்டினேன். அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"நான் யாருன்னு சொல்லி இட்டாந்திருக்கே?"

அப்பா இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். நான் பதில் சொல்லியிருப்பேன். நாக்கு நுனி வரை வந்தது. அது நான் சொல்ல வேண்டியது இல்லை என்று நின்றுவிட்டேன்.

"என் தம்பின்னு," என்றார் அப்பா.

சித்தப்பா கட்டுக் கட்டின கயிற்றைக் கீழே போட்டார். தலைத்துண்டை அவிழ்த்து, பக்கத்தில் கிடந்த அடிமரத்தைத் தட்டி, எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார்.